எண்ணை ஒலியாக்கும் சிறுகருவி

இந்திய மொழிகளைப் பற்றி ஜார்ஜ் ஆபிரகாம் கிரியர்சன் நடத்திய பேராய்வின் தொடர்பாக, 1913 முதல் 1929 வரை நாட்டின் பல பகுதிகளில் மக்களின் பேச்சு கிராமபோன் தட்டுகளில் பதிவு செய்யப்பட்டது. அத்தட்டுகளின் ஒலி இன்று எண்வடிவம் பெற்று, சிகாகோ பல்கலைக்கழகத்தின் தென்னாசிய எண்முறை நூலகத்தின் வாயிலாகக் கேட்கக் கிடைக்கின்றது. மொழியை ஆராயும் களப்பணியாளர் ஒருவர் தம் கணிப்பொறியில் ஹெட்போனைச் செருகி அவற்றுள் ஒன்றைக் கேட்பதாகக் கொள்ளலாம். பேச்சின் பின்னே இருவகை இரைச்சல்கள் அவர் செவியில் விழக்கூடும். ஒன்று, தட்டின் மேல் ஊசி உராய்ந்ததால் எழுந்தது. மற்றொன்று, அவர் எதிரிலுள்ள கணிப்பொறிக்குள்ளேயே பிறந்தது. முதலாவது பதிவோடு இரண்டறக் கலந்துவிட்டது. இரண்டாவதை, விரலளவே உள்ள ஒரு சிறுகருவி பெரும்பாலும் நீக்கிவிடும்.

அக்கருவிதான் யூ.எஸ்.பி. வாயிலில் செருகி உபயோகிக்கப்படும் ஒலிமாற்றி. கடைகளில் இதனை ‘டாக்’ என்றும் ‘டாங்கிள்’ என்றும் வழங்குவர். சில நூறு ரூபாயிலிருந்து பல்லாயிரம் ரூபாய் வரை இதற்கு விலை உண்டு. ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் இதனை வாங்குமுன், இஃது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைத் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

ஒலி எண்ணாவது எவ்வாறு?

ஒலி என்பது காற்றில் தோன்றும் அழுத்த அலை. மைக்கின் முன் பேசும்போது, அவ்வலைக்கு ஏற்றவாறு ஏறி இறங்கும் மின்னழுத்தம் ஒன்று உண்டாகிறது. இம்மின்னழுத்தத்தைக் குறித்த கால இடைவெளிகளில் அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதி வைத்தால், ஒலி எண்களின் வரிசையாகிவிடுகிறது. தொலைபேசிச் செய்திகளை இம்முறையில் அனுப்பலாம் என்பதை 1937-இல் ஆங்கிலேயப் பொறியியலாளர் அலெக் ரீவ்ஸ் கண்டறிந்தார்.

எத்தனை முறை அளந்தால் போதும் என்ற வினாவுக்கு 1928-இல் ஹாரி நைக்விஸ்ட்டும் 1949-இல் கிளாட் ஷானனும் எழுதிய கட்டுரைகள் விடை தந்தன. ஓர் ஒலியில் அடங்கிய மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இருமடங்கிற்கு மேற்பட்ட வேகத்தில் அளந்தால், அவ்வொலியை முழுமையாக மீட்டுவிடலாம் என்பதே அவ்விதி. மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியையே உணரும். ஆகவே 1982-இல் விற்பனைக்கு வந்த காம்பாக்ட் டிஸ்க்கில் ஒவ்வொரு காதுக்கும் வினாடிக்கு 44,100 அளவுகள் பதியப்பட்டன.

ஒவ்வோர் அளவும் எவ்வளவு நுட்பமானது என்பதைப் ‘பிட்’ எண்ணிக்கை குறிக்கும். பள்ளி ஆய்வுக்கூடத்து எடைப்பெட்டியை இதற்கு உவமையாகக் கூறலாம். 1, 2, 4, 8 என ஒவ்வொன்றும் முன்னதைப் போல் இருமடங்கான பதினாறு எடைக்கற்கள் இருப்பின், அவற்றை வைத்தும் எடுத்தும் 0 முதல் 65,535 வரை எந்த நிறையையும் காட்டலாம். பதினாறு பிட் என்பது இதுவே. இருபத்து நான்கு கற்களாயின் 1,67,77,216 படிகள் கிடைக்கும்.

எண் மீண்டும் ஒலியாவது

ஹெட்போனுக்கு எண்கள் விளங்கா; அதற்கு வேண்டுவது மின்னழுத்தம். எண் வரிசையை மீண்டும் மின்னழுத்த அலையாக மாற்றும் வேலையே ஒலிமாற்றியின் முதற்கடமை. மேற்கூறிய எடைக்கற்களைப் போல இருமடங்காய் உயரும் மின்னோட்டங்களைத் தடைகளின் ஏணி ஒன்றால் உண்டாக்கி, எண்ணுக்கேற்பச் சேர்ப்பது பழைய முறை. பல மாற்றிகளில் இன்று கையாளப்படும் முறை வேறு. மிகச் சில படிகளையே கொண்டு, வினாடிக்குப் பல இலட்சம் முறை மாறி மாறித் தட்டி, அவற்றின் சராசரியால் வேண்டிய மின்னழுத்தத்தைப் பெறுவது அம்முறை. பின்னர் ஒரு வடிகட்டி, செவிக்கு எட்டாத அதிவேக அதிர்வுகளை நீக்குகிறது. இறுதியில் ஒரு சிறு மின்பெருக்கி, ஹெட்போனை இயக்கத் தேவையான ஆற்றலை அளிக்கிறது. விரலளவான கருவிக்குள் இவ்வேலைகள் அனைத்தும் நடைபெறுகின்றன.

இதனால் ஓர் உண்மை புலப்படும். மாற்றி தனக்கு வந்த எண்களையே ஒலியாக்குகிறது. வராத எண்ணை அது அறியாது. பழைய தொலைபேசி முறையில் பேச்சு வினாடிக்கு 8,000 முறை மட்டுமே அளக்கப்படுகிறது. ஆகவே 4,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட பகுதி அதில் இடம்பெறுவதே இல்லை. ‘ஸ’, ‘ஷ’ போன்ற உரசொலிகளின் வலிமையில் பெரும்பங்கு அவ்வுயர்ந்த பகுதியிலேயே உள்ளது. அவ்வாறு பதிவான உரையாடலை எத்துணை விலையுயர்ந்த மாற்றியின் வழியே கேட்டாலும், இழந்த எழுத்தொலி திரும்பி வராது. சொல்லைத் தவறாகக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதும் அபாயம் நீங்க வேண்டுமாயின், பதிவு செய்யும் இடத்திலேயே கவனம் தேவை.

கணிப்பொறியை விட்டு வெளியே வந்த காரணம்

கணிப்பொறியிலும் பல கைப்பேசிகளிலும் ஒலிமாற்றி உள்ளேயே அமைந்துள்ளது. எனினும் அது அமர்ந்துள்ள இடம் சாதகமானதன்று. அருகில் மிக விரைவாக மாறும் மின்னோட்டங்கள் ஓடுகின்றன. அவற்றின் பாதிப்பு மெல்லிய ஒலிமின்னழுத்தத்தில் ஏறி, ‘உஸ்’ என்றும் ‘கிர்’ என்றும் ஒலிக்கக்கூடும். சுட்டியை அசைக்கும்போது இரைச்சல் மாறுமாயின் அதன் பிறப்பிடம் கணிப்பொறியே. எண்களை எண்களாகவே கம்பி வழியே வெளியே கொணர்ந்து, அங்கே மின்னழுத்தமாக மாற்றினால் இத்தொல்லை பெரிதும் குறையும்.

இதற்கு வழிவகுத்தது யூ.எஸ்.பி. இணைப்பு. 1996-இல் முதன்முதலாக வெளியான இம்முறையை உருவாக்கியவர்களுள், வடோதராவின் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் பயின்ற அஜய் பட் முக்கியமானவர். 1998-இல் ஒலிக்கருவிகளுக்கான பொது விதிகளும் யூ.எஸ்.பி.க்கு வகுக்கப்பட்டன. ஆதலால் தனி மென்பொருள் எதுவுமின்றியே பெரும்பாலான மாற்றிகளைக் கணிப்பொறிகள் அடையாளம் கண்டுகொள்கின்றன.

கைப்பேசியில் இக்கருவி பரவியதற்குக் காரணம் வேறு. 2014-இல் ‘டைப்-சி’ என்னும் சிறிய இணைவாயில் வகுக்கப்பட்டது. 2016 முதல் பெயர்பெற்ற நிறுவனங்கள் பலவும் தம் கைப்பேசிகளிலிருந்து 3.5 மில்லிமீட்டர் ஹெட்போன் துளையை நீக்கத் தொடங்கின. துளையற்ற கைப்பேசியில் கம்பியுள்ள ஹெட்போனை உபயோகிக்க ஒரு மாற்றி அவசியமாயிற்று.

நேரந்தவறாத விநியோகம்

எண்கள் சரியாயிருத்தல் மட்டும் போதாது. அவை சரியான நேரத்திலும் ஒலியாக வேண்டும். சாதாரண வேகமுள்ள யூ.எஸ்.பி. இணைப்பில், கணிப்பொறி வினாடிக்கு ஆயிரம் சிப்பங்களாக எண்களை அனுப்புகிறது. 44,100 அளவுகளை ஆயிரம் சிப்பங்களில் அடைப்பதாயின், ஒன்றுக்கு 44.1 அளவு வர வேண்டும். அளவைப் பின்னமாக உடைக்க இயலாது. ஆகவே ஒன்பது சிப்பங்களில் 44 அளவுகளும் பத்தாவதில் 45 அளவுகளும் வைக்கப்படுகின்றன. நல்ல மாற்றிகளில் தனிப் படிகக் கடிகாரம் ஒன்று உண்டு. அது வந்த எண்களைச் சிறிது சேமித்து வைத்து, தன் கணக்குப்படி சீராக வெளியிடுகிறது. சேமிப்பு குறைந்தாலும் மிகுந்தாலும் கணிப்பொறிக்கு அறிவித்து, வரவைச் சரிசெய்து கொள்கிறது.

இவ்வொலிச் சிப்பங்களுள் ஒன்று தவறினால், அது மீண்டும் அனுப்பப்படுவதில்லை. காலம் கடந்த எண்ணால் பயனில்லை அன்றோ? ஆகவே இடையிடையே ‘டப்’ என்ற ஓசையோ ஒலி அறுபடுதலோ ஏற்படின், தளர்ந்த இணைப்பையும், ஒரே சமயத்தில் பல வேலைகளால் திணறும் கணிப்பொறியையும் முதலில் சோதித்தல் வேண்டும்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

டைப்-சி முனையும் ஹெட்போன் துளையும் உடைய சிறு இணைப்புகள் யாவும் ஒலிமாற்றிகள் அல்ல. சிலவற்றில் வெறுங்கம்பியே உள்ளது. தன்னுள் இருக்கும் மாற்றியின் மின்னழுத்தத்தை டைப்-சி வாயில் வழியே வெளியிடும் கைப்பேசிகளில் மட்டுமே அவை இயங்கும். மற்றவற்றில் ஊமையாக இருக்கும். உறையின் மேல் மாற்றி உள்ளதெனத் தெளிவாகக் குறிக்கப்பட்டதையே வாங்குதல் தகும்.

புளூடூத் ஹெட்போன்களுக்குள் தனி மாற்றி அமைந்திருக்கிறது. அவற்றை உபயோகிப்போர்க்கு இக்கருவியால் யாதொரு பயனும் இல்லை.

பேச்சைப் பதிவு செய்யவும் எண்ணுவோர், கருவியில் மைக் வசதி உண்டா என்று கேட்டறிய வேண்டும். ஹெட்போன் முனையில் மூன்று கறுப்பு வளையங்கள் இருந்தால் அது நான்கு தொடர்புகளை உடையது. வழக்கமாக அவற்றுள் ஒன்று மைக்குக்கு உரியது. மாற்றியின் துளையும் அதற்கேற்ப அமைந்திருந்தாலன்றி மைக் வேலை செய்யாது.

உயர்ந்த வேகத்தில் எண்களைப் பெறும் மாற்றிகள் யூ.எஸ்.பி. ஒலிவிதிகளின் இரண்டாம் பதிப்பைப் பின்பற்றுகின்றன. விண்டோஸ் 10-இல் இதற்கான மென்பொருள் 2017 முதல் உள்ளடங்கி வருகிறது. அதற்கு முற்பட்ட விண்டோஸ் கணிப்பொறிகளில், தயாரிப்பாளர் தரும் மென்பொருளை நிறுவ வேண்டியிருக்கும்.

இருபத்து நான்கு பிட், 96,000 அளவுகள் போன்ற பெரிய எண்களைக் கண்டு மயங்க வேண்டுவதில்லை. பதினாறு பிட் முறை, மெல்லிய ஒலிக்கும் பேரொலிக்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபெல் வேறுபாட்டைத் தாங்கும். அமைதியான அறையின் ஓசையே சுமார் 30 டெசிபெல். அதன்மேல் 96 சேர்ந்தால் 126 ஆகிறது; அது செவியை நோகச் செய்யும் ஒலி. ஆகவே கேட்பதற்குப் பதினாறு பிட் போதுமானது. பதிவின்போது ஒலி எவ்வளவு உயரும் என்று முன்கூட்டி அறிய இயலாதாகையால், அங்கே இருபத்து நான்கு பிட் கைகொடுக்கிறது.

மின்னழுத்தமும் ஹெட்போனும்

மாற்றியும் ஹெட்போனும் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்பதை எளிய கணக்கால் அறியலாம். மாற்றி தரக்கூடிய உயர்ந்த மின்னழுத்தம் வோல்ட்டிலும், ஹெட்போனின் தடை ஓமிலும் குறிக்கப்படும். மின்னழுத்தத்தை அதனாலேயே பெருக்கித் தடையால் வகுத்தால், ஆற்றல் வாட்டில் கிடைக்கும்.

மாற்றி 1 வோல்ட் தருவதாகவும், ஹெட்போன் ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபெல் ஒலிப்பதாகவும் கொள்க. ஹெட்போனின் தடை 32 ஓம் ஆயின் ஆற்றல் சுமார் 31 மில்லிவாட். ஒலி 115 டெசிபெல் வரை எழும். தடை 300 ஓம் ஆயின் ஆற்றல் 3.3 மில்லிவாட் மட்டுமே; ஒலி 105 டெசிபெல்லில் நின்றுவிடும். அரை வோல்ட்டே தரும் மாற்றியில் இவை ஒவ்வொன்றும் மேலும் 6 டெசிபெல் குறையும். மெதுவாகப் பதிவான பேச்சைக் கேட்கும்போது இக்குறைவு தெரியவரும். சாதாரண 32 ஓம் ஹெட்போன் உடையவர்களுக்கோ, எளிய மாற்றியே தேவைக்கு மிகுதியான ஒலியைத் தருகிறது.

வகுப்பறையில் ஒரு தவறு எளிதில் நேரக்கூடும். ஒரே மாற்றியிலிருந்து கிளைக்கம்பி வழியே நான்கு மாணவர்களுக்கு ஹெட்போன் கொடுத்தால், 32 ஓம் தடைகள் நான்கும் பக்க இணைப்பில் சேர்ந்து 8 ஓம் ஆகின்றன. 1 வோல்ட்டில் ஏறத்தாழ 31 மில்லியாம்பியர் தந்துகொண்டிருந்த கருவி, இப்போது 125 மில்லியாம்பியர் தர வேண்டியதாகிறது. அதற்கு அச்சக்தி இல்லையாயின் ஒலி சிதையும். பலர் கேட்க வேண்டிய இடத்தில், மாற்றியின் துளையிலிருந்து மின்பெருக்கியுள்ள ஒலிபெருக்கிக்குக் கம்பி இழுப்பதே முறை. இக்கணக்கையே ஓம் விதிக்கும் பக்க இணைப்புக்கும் உதாரணமாக மாணவர்க்குக் காட்டலாம்.

இரைச்சலின் இருப்பிடத்தைக் காணுதல்

புதிய கருவிக்குப் பணம் செலவிடுமுன், இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதைச் சில நிமிடங்களில் சோதித்து அறியலாம்.

முதலாவது, பதிவை நிறுத்திவிட்டு, ஒலியளவை மாற்றாமல் ஹெட்போனைக் கேட்க வேண்டும். இரைச்சலும் உடன் நின்றுவிட்டால், அது பதிவில் உள்ளதாக இருக்கக்கூடும்; அதே பதிவை வேறொரு கருவியில் கேட்டு இதனை உறுதி செய்துகொள்ளலாம். இரண்டு கருவிகளிலும் அது ஒரே விதமாக ஒலித்தால், மாற்றியால் அதனைப் போக்க இயலாது.

இரண்டாவது, மடிக்கணிப்பொறியின் மின்னேற்றியைக் கழற்றிவிட்டுக் கேட்க வேண்டும். இரைச்சல் அடங்கினால் குற்றம் மின்னேற்றியின் வழியில் உள்ளது. வெளி மாற்றியும் கணிப்பொறியிலிருந்தே 5 வோல்ட் மின்சாரம் பெறுவதால், இவ்வகை இரைச்சல் அதிலும் தொடரக்கூடும். மின்கலத்தில் இயக்குவதே இதற்கு எளிய பரிகாரம்.

மூன்றாவது, கைப்பேசியாயின் விமானப்பயண நிலையில் வைத்துக் கேட்க வேண்டும். சிக்னல் குறைந்த கிராமங்களில் கைப்பேசி அதிக வலிமையுடன் அலைகளை அனுப்பும். அவை அருகிலுள்ள கம்பியில் தூண்டும் மின்சாரம் ‘டட் டட்’ என்று கேட்பதுண்டு. அலைபரப்பு நின்றதும் இவ்வோசை மறையும்.

இரண்டு மாற்றிகளை ஒப்பிட விரும்புவோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். சற்றே உரக்க ஒலிப்பது சிறந்ததாகத் தோன்றுவது செவியின் இயல்பு. ஆகவே இரண்டின் ஒலியளவையும் சமமாக்கி, எது இயங்குகிறது என்று கேட்பவருக்குத் தெரியாதவாறு மற்றொருவர் மாற்றி மாற்றி இணைத்தல் வேண்டும். பத்து முறை கேட்டும் வேற்றுமையைச் சரிவரச் சொல்ல இயலாவிடின், விலை குறைந்ததே போதுமென முடிவு செய்யலாம்.

கருவியைப் பேணுதலும் அவசியம். நீண்டு விறைப்பாக நிற்கும் மாற்றி, பையிலோ மடியிலோ அழுந்தும்போது நெம்புகோலாகி இணைவாயிலைச் சிதைக்கும். சிறு கம்பியால் தொங்கும் அமைப்பே களப்பணிக்கு ஏற்றது. மாற்றி இயங்குவதற்கான மின்சாரத்தைக் கைப்பேசியின் மின்கலமே தருவதால், நெடுநேரம் கேட்போர் அதற்கேற்ற ஏற்பாட்டுடன் செல்லுதல் வேண்டும்.

செவிக்குரிய எல்லை

மேற்கூறிய கணக்கில் 115 டெசிபெல் என்ற எண் வந்தது. அஃது ஒரு சிறப்பன்று, எச்சரிக்கையாகும். உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் இணைந்து வகுத்த தரவிதியின்படி, வயது வந்தோர் வாரத்திற்கு 40 மணி நேரம் வரை 80 டெசிபெல் ஒலியைக் கேட்கலாம். சிறுவர்க்கு அதே காலத்திற்கு 75 டெசிபெல்லே எல்லை. ஒலி 3 டெசிபெல் உயருந்தோறும் அதன் சக்தி இருமடங்காகிறது. ஆகவே கேட்கத்தக்க நேரம் பாதியாகிறது. வயது வந்தோர்க்கு 83 டெசிபெல்லில் 20 மணி நேரமும், 86-இல் 10 மணி நேரமும், 89-இல் 5 மணி நேரமும், 95-இல் ஒன்றேகால் மணி நேரமுமே ஒரு வாரத்தின் முழு அளவு.

உட்செவியில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் வளர்வதில்லை. வலியின்றியே இவ்விழப்பு நேர்வதால் பலர் காலங்கடந்தே அறிகின்றனர். முதலில் குன்றுவது உயர்ந்த அதிர்வெண்களைக் கேட்கும் திறன். உரசொலிகளை வேறுபடுத்தி அறிய உதவுவதும் அதுவே. பதிவான பேச்சைக் கேட்டு எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவருக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் வேறில்லை.

இதற்குச் செய்ய வேண்டியவை எளியன. சில கருவிகளில் இணைத்தவுடன் ஒலி முழு அளவில் எழக்கூடுமாதலால், ஹெட்போனை அணியுமுன் ஒலியைக் குறைத்து வைத்து, பின் சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும். பேருந்திலும் சந்தையிலும் வெளி ஓசையை வெல்வதற்காக ஒலியை உயர்த்தாமல், காதை நன்கு மூடும் ஹெட்போனை உபயோகிக்க வேண்டும். மணிக்கொரு முறை செவிக்கு ஓய்வளித்தல் நன்று. கேட்ட பின் காதில் ‘கொய்’ என்ற ஓசை தோன்றினால் ஒலி மிகுந்துவிட்டது என்பதே பொருள். மாணவர்க்குக் கொடுக்குமுன், கைப்பேசியின் அமைப்பில் ஒலியுச்சத்தைக் கட்டுப்படுத்தும் வசதி இருப்பின், ஆசிரியர் அதனை இயக்கி வைத்தல் கடமையாகும்.

ஒலிமாற்றி ஒரு நேர்மையான தூதுவனைப் போன்றது. பெற்ற செய்தியைக் கூட்டாமலும் குறைக்காமலும் செவியில் சேர்ப்பதே அதன் தொழில். பழைய தட்டில் ஊசி கீறிய ஓசையை அது மறைக்காது. தொலைபேசியில் தொலைந்த எழுத்தை மீட்டுத் தராது. ஆனால் கணிப்பொறியின் இரைச்சலை விலக்கி, நூறாண்டுகளுக்கு முன் பேசிய ஒருவரின் குரலை உள்ளவாறு கேட்கச் செய்யும். அக்குரலைக் கேட்டுணரும் செவி பழுதுபட்டால் அதனை மாற்றித் தரும் கடை எதுவும் இல்லை. ஆகவே கருவியைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் அக்கறையினும் மிகுந்த அக்கறையை ஒலியின் அளவைத் தேர்ந்தெடுப்பதில் காட்டுதல் அறிவுடைமையாகும்.